பனிமலைக்குப் போகும் முன்

2018ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் என் தங்கச்சி கிளிநொச்சியில் இருந்து மூன்று மாத விசாவில் சுவிற்சர்லாந்துக்கு என்னிடம் வந்தாள். வந்து நாலாம் நாள் விடியப்புறம் நான் எழும்பிப் பார்த்தால் யன்னலடியில் நிற்கிறாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, இது சத்தமே இல்லாமல் விழுகுதே" என்றாள். எங்கள் ஊரில் வானத்தில் இருந்து விழுந்தவை எல்லாம் சத்தத்தோடுதான் விழுந்தன. அவள் சொன்னது எனக்கு விளங்கியது.

அந்த மாசியில் அவளையும் கூட்டிக்கொண்டு ஆறு நாள் பனிமலைக்குப் போய் வந்தோம். வாசகிகளாகிய உங்களில் பலருக்கும் சுவிஸில் ஒரு சகோதரியோ, மகளோ, மச்சாளோ இருப்பார். ஒரு நாள் உங்களுக்கும் அழைப்பு வரலாம். அல்லது அங்கே இருக்கும் உங்கள் மகள் தன் பிள்ளையைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அனுப்புவதா விடுவதா என்று உங்களிடம் கேட்கலாம். அப்போது உதவட்டும் என்றுதான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு எதற்கு இந்த விளையாட்டு?

நான் 1991இல் இங்கு வந்தேன். பேர்ண் மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில், ஒரு ஹொட்டேலில் 11 வருடம் அறை துப்பரவு செய்தேன். என் கணவர் அங்கேயே சமையலறையில் பாத்திரம் கழுவினார். பனிக்காலம் வந்தால் அறைகள் நிரம்பும். விருந்தினர்கள் பின்னேரம் கழற்றிவிடும் சப்பாத்துகளில் இருந்து வடியும் பனித்தண்ணீரைத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அந்தச் சரிவில் கால் வைத்ததில்லை. அது வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

2004இல் என் மகளுக்கு 12 வயது. பாடசாலையில் இருந்து கடிதம் வந்தது: வகுப்பு முழுவதும் ஐந்து நாள் பனிச்சறுக்கு முகாம். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "எல்லாப் பிள்ளையளும் போகினம் அம்மா, நான் மட்டும் ஏன் போகேலாது?" என்று மகள் அழுதாள். அவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1990இல் என் தம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. அதன்பிறகு என் வீட்டில் இருந்து ஒருவர் இரவு வெளியே தங்குவது என்றாலே எனக்கு நெஞ்சு இடிக்கும்.

வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்தார். எனக்கு விளங்கும்படி மெதுவாகப் பேசினார். எந்த வீட்டில் தங்குவார்கள், யார் இரவில் காவல், வைத்தியர் எவ்வளவு தூரத்தில் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். "நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள்" என்றார். போனேன். மகள் சறுக்கி வருகிறாள், விழுகிறாள், தானே எழும்பி மறுபடியும் வருகிறாள். நான் பார்த்த ஒரு மணித்தியாலத்தில் பதினைந்து தரமாவது விழுந்திருப்பாள். ஒரு தரம்கூட அழவில்லை. அடுத்த வருடம் நானும் பழகினேன். அப்போது எனக்கு வயது 39.

பாடசாலை முகாம் பற்றி ஒரு விடயம். 2017 டிசம்பரில் சுவிஸ் உச்ச நீதிமன்றம், கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டுமே கேட்கலாம், அதுவும் பிள்ளையின் வயதைப் பொறுத்து ஒரு நாளைக்கு 10 முதல் 16 பிராங்க் வரைதான் என்று தீர்ப்பளித்தது. காசில்லை என்று பிள்ளையை மறிக்க முன், இதைப் பாடசாலையில் கேளுங்கள்.

எப்போது போவது, எங்கே போவது?

சறுக்கும் காலம் பொதுவாக டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை. நத்தார், புதுவருட நாட்களிலும், பாடசாலைகளுக்கு விளையாட்டு விடுமுறை விடும் பெப்ரவரியிலும் வாடகை உச்சத்தில் இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்தில் இருந்து மாதக் கடைசி வரை மலிவு. ஆனால் குளிர் கடுமை, பகல் குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் மார்ச் மாதத்தைச் சொல்லுவேன். வெயில் இருக்கும், பகல் நீளும். பின்னேரத்தில் பனி இளகிச் சேறு போல ஆகிவிடும் என்பதால் காலையிலேயே தொடங்க வேண்டும்.

இப்போது பனிக்காலம் முன்னைப்போல இல்லை. தாழ்ந்த இடங்களில் பல வருடம் பனி போதாமல் போகிறது. ஆகவே சறுக்கும் இடம் 1500 மீற்றருக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கிறிண்டல்வால்ட், வெங்கன், ஸெர்மாற், செயின்ற் மொறிற்ஸ் எல்லாம் பேர் பெற்ற இடங்கள். செயின்ற் மொறிற்ஸ் ஹொட்டேல்காரர் ஒருவர் 1864இல் ஆங்கில விருந்தினரோடு பந்தயம் பிடித்து அவர்களைக் குளிர்காலத்திலும் வரவைத்தார், அதில் இருந்துதான் இந்தக் குளிர்காலச் சுற்றுலா தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. பேர் பெற்ற இடத்தில் விலையும் அப்படித்தான். குடும்பமாகப் பழகுவதற்குச் சிறிய இடங்கள் போதும். நாங்கள் மைரிங்கனுக்கு மேலே உள்ள ஹஸ்லிபெர்க்குக்குப் போனோம். பிள்ளைகளும் பழகுநர்களும் விழுந்து எழும்ப அங்கே நல்ல இடம் உண்டு.

காசுக் கணக்கு

செலவு ஐந்து: பயணம், தங்குமிடம், லிப்ற் சீட்டு, வாடகைச் சாமான், பழக்கும் கட்டணம். சாப்பாட்டையும் வெளியே வாங்கினால் ஆறு.

- தங்குவதற்குச் சமையலறை உள்ள விடுமுறை வீடு எடுங்கள். பெரும்பாலும் சனியில் இருந்து சனி வரை வாடகைக்குத் தருவார்கள். இரண்டு குடும்பம் சேர்ந்தால் பாதிச் செலவு. மலைக் கிராமத்தில் எடுக்காமல் அடிவாரத்து ஊரில் எடுத்தால் இன்னும் குறையும்.
- பெரிய இடங்களில் ஒரு நாள் லிப்ற் சீட்டே 70 பிராங்குக்கு மேல் போகும். பல இடங்களில் முன்கூட்டியே வாங்கினால் குறைவு. முதல் இரண்டு நாளும் முழுச் சீட்டு வாங்காதீர்கள். பழகும் சரிவுக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டா என்று கேளுங்கள்.
- பாதிக் கட்டண அட்டை இருந்தால் புகையிரதத்துக்கும் பல கேபிள்கார்களுக்கும் பாதிக் காசுதான். ஊரில் இருந்து வருகிறவர்களுக்கும் ஒரு மாதத்துக்கான அட்டை உண்டு. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் புகையிரதக் கட்டணம் இல்லை.
- வளரும் பிள்ளைக்குப் புதிய சறுக்குப் பலகை வாங்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் பல ஊர்களில் பழைய பனிச் சாமான் சந்தை நடக்கும். பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு. ஜக்கற், களிசான் போன்றவை பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே வெடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

காப்புறுதியை முதலில் பாருங்கள்

ஊரில் இருந்து விசாவில் வருகிறவர் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுத்தே வருவார். அது போதும் என்று இருக்காதீர்கள். பனி விளையாட்டில் நேரும் விபத்தைச் சில காப்புறுதிகள் ஏற்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். தங்கச்சியின் பத்திரத்தில் இதை என் மகள்தான் கண்டுபிடித்தாள். மேலதிகமாகக் கட்டியது சிறிய தொகைதான்.

சுவிஸில் வாழும் பெண்கள், ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நேரும் விபத்துக்கும் அந்த வேலைத்தலக் காப்புறுதியே பொறுப்பு. துண்டு துண்டாகப் பல வீடுகளில் துப்பரவு வேலை செய்கிறவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். வீட்டில் இருக்கிறவர்களும் பிள்ளைகளும் மருத்துவக் காப்புறுதியில் விபத்தையும் சேர்த்திருக்க வேண்டும். மலையில் இருந்து மீட்கும் செலவில் அடிப்படைக் காப்புறுதி பாதியைத்தான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்க் வரை. ஹெலிகொப்ரர் வந்தால் செலவு பெரிது.

உடுப்பும் சப்பாத்தும்

குளிருக்குத் தடித்த உடுப்பு ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்று நல்லது. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளியோ, வியர்வையை வெளியே விடும் செயற்கைத் துணியோ. அதன்மேல் சூடு காக்கும் உடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கற், களிசான். பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு விறைத்துவிடும். ஜீன்ஸும் அப்படித்தான். கையுறை தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும்.

மலையில் வெயில் ஏமாற்றும். புதிய பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். எங்கள் தோல் கறுப்பு, எரியாது என்று நினைத்து முதல் வருடம் ஒன்றும் பூசாமல் போனேன். மூக்கும் சொண்டும் உரிந்து ஒரு கிழமை மிளகாய்த்தூள் சேர்த்துச் சாப்பிட முடியவில்லை. வெயில் தடுப்புக் களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

சறுக்குச் சப்பாத்துக்கு ஒரே ஒரு சோடி காலுறை. இரண்டு போட்டால் சூடு கூடும் என்று நினைப்போம்; இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் பின்னுக்கு வர வேண்டும். குதி மேலே கிளம்பினால் சப்பாத்து பெரிது. பழகுநருக்குப் பலகையின் உயரம் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் இருந்தால் நல்லது.

கடையில் உங்கள் நிறையைக் கேட்பார்கள். விழும்போது எவ்வளவு விசைக்குப் பலகை காலில் இருந்து கழர வேண்டும் என்று அதை வைத்துத்தான் பூட்டைச் சரிசெய்வார்கள். நான் வெட்கப்பட்டு எட்டுக் கிலோ குறைத்துச் சொன்னேன். அன்று முழுவதும் சும்மா நின்றாலும் பலகை கழன்று போனது. கூட்டிச் சொன்னால் அதைவிட ஆபத்து. கழர வேண்டிய நேரத்தில் கழராமல் முழங்கால் முறுகிவிடும். உண்மையைச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு மகளின் பழைய சிவப்பு ஜக்கற்தான் அளவாக இருந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் சிவப்பு போடுறேல்லை அக்கா." அவளுடைய கணவர் 2009 சித்திரையில் போனவர். நான் சொன்னேன்: "மலையில மூட்டம் வந்தால் பத்தடிக்கு அங்கால ஆள் தெரியாது. வெள்ளையும் சாம்பலும் போட்டால் உன்னை ஆர் கண்டுபிடிக்கிறது?" அது உண்மைதான். பனியில் பளிச்சென்ற நிறம் பாதுகாப்பு. அவள் போட்டுக்கொண்டாள்.

முதல் நாள்

சொந்தக்காரரிடம் பழகாதீர்கள். கணவரிடம் பழகவே பழகாதீர்கள். சறுக்குப் பாடசாலையில் காசு கொடுத்து இரண்டு அரைநாளாவது பழகுங்கள். போவதற்கு ஆறு கிழமைக்கு முன்னரே வீட்டில் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருந்து பழகினால் தொடைக்குப் பலம் வரும்.

முதல் பாடம் நிற்பது. இரண்டு பலகையின் முன்நுனிகளும் கிட்ட, பின்நுனிகள் விரிய, உட்கரைகளைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். பிள்ளைகளுக்கு இதைப் ‘பிட்சா’ என்று சொல்லித் தருவார்கள். பலகைகள் நேராக இருந்தால் ‘பொரித்த உருளைக்கிழங்கு’. பிட்சா வடிவில் இருந்துகொண்டு வலது காலில் பாரத்தைப் போட்டால் இடப்பக்கம் திரும்பும். பயத்தில் உடம்பு பின்னுக்குச் சாயப் பார்க்கும். சாய்ந்தால் பலகை உங்கள் சொல்லைக் கேட்காது. முழங்காலை மடித்து முன்னுக்குச் சாய வேண்டும்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் மலைப்பக்கமாகச் சரிந்து விழுங்கள். கையைப் பின்னுக்கு ஊன்றாதீர்கள். எழும்ப முன், பலகைகளை உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். கீழே பார்த்தபடி வைத்தால் எழும்ப முன்னரே ஓடத் தொடங்கிவிடும். ஆளை இழுத்துக்கொண்டு போகும் லிப்ற்றில் உட்காரக் கூடாது. நின்றபடி சாய வேண்டும். நான் ஊஞ்சல் என்று நினைத்து உட்கார்ந்து, பின்னால் வந்த நாலு பேரையும் விழுத்தினேன்.

மலையின் சட்டங்கள்

சுவிஸில் நீல நிறப் பாதை இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முன்னால் போகிறவருக்கே முதலுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். ஒடுங்கிய இடத்திலும் கண்மறைவிலும் நிற்கக் கூடாது. அடையாளமிட்ட பாதையை விட்டு வெளியே போகவே கூடாது. வெளியே பனிச்சரிவு ஆபத்து உண்டு. அதன் அளவை 1 முதல் 5 வரை தினமும் அறிவிப்பார்கள்.

யாராவது அடிபட்டுக் கிடந்தால், மேலே இரண்டு பலகைகளைக் குறுக்காக நட்டு மற்றவர்களுக்கு அடையாளம் காட்டுங்கள். உதவாமல் போவது தவறு. அம்புலன்ஸ் 144, மீட்பு ஹெலிகொப்ரர் 1414. இந்த இரண்டு இலக்கத்தையும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். குளிரில் கைத்தொலைபேசி திடீரென்று நின்றுபோகும்.

உடம்பில் காயம் உள்ளவர்களுக்கு

உடம்பில் இரும்புத்துண்டு இருக்கிறவர்கள், முதுகிலோ முழங்காலிலோ காயம் பட்டவர்கள், இதயநோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் போங்கள். யுங்பிராவ் மலைத்தொடருக்குப் போகும் புகையிரதம் 1912இல் இருந்து 3454 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. அந்த உயரத்தில் தலையிடி, மூச்சுமுட்டு வரலாம். மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கால் இல்லாதவர்களும் சறுக்குகிறார்கள். ஒற்றைக் காலில் ஒரு பலகை, இரண்டு கையிலும் நுனியில் சிறு பலகை பூட்டிய ஊன்றுகோல். இரண்டாம் உலகப் போரில் கால் இழந்தவர்கள் ஒஸ்ரியா, ஜேர்மனிப் பக்கத்தில் இப்படிப் பழகத் தொடங்கினார்கள். இரண்டு காலும் இயலாதவர்கள், ஒரு பலகையின் மேல் பூட்டிய இருக்கையில் இருந்து சறுக்குவார்கள். பார்வையற்றவர்கள் வழிகாட்டியின் குரலைக் கேட்டுச் சறுக்குவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான குளிர்கால ஒலிம்பிக் 1976இல் சுவீடனில் தொடங்கியது. ஒற்றைக் காலில் ஒரு பெண் சிவப்புப் பாதையில் இறங்கி வந்ததை ஹஸ்லிபெர்க்கில் நாங்கள் கண்டோம். தங்கச்சி கண் எடுக்காமல் பார்த்தாள். "எங்கட முகாமில எத்தனை பிள்ளையள் இப்பிடி இருந்தவை" என்றாள்.

சறுக்காமலும் மகிழலாம்

தங்கச்சி சறுக்கவில்லை. பனிமலைக்கு வருகிற எல்லோரும் சறுக்கத்தான் வேண்டும் என்றில்லை. குளிர்கால நடைபாதைகளுக்கு ஊதாச் சிவப்பு நிறப் பலகை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நடக்கலாம். பனியில் புதையாமல் நடக்க அகலமான பனிச்சப்பாத்து வாடகைக்கு உண்டு. மரச் சறுக்குவண்டியில் இருந்து இறங்கலாம். கிழக்கே பிறேடாவில் இருந்து பெர்கூன் வரை, குளிர்காலத்தில் வாகனம் ஓடாத மலைத்தெருவில் 6 கிலோமீற்றர் தூரம் சறுக்குவண்டிக்கென்றே விட்டிருக்கிறார்கள். மேலே ஏறப் புகையிரதம் இருக்கிறது. இரண்டு காலையும் பனியில் அழுத்தினால் வண்டி நிற்கும். இதற்கும் தலைக்கவசம் போடுங்கள்.

சாப்பாட்டுக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மத்தியானம் கல்லாக இருக்கும். றொட்டியும் சம்பலும், பேரீச்சம்பழமும், சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணியும் எங்களுக்குக் கைகொடுத்தன. கடையில் சாப்பிட்டால், உருக்கிய சீஸில் பாணைத் தோய்க்கும் ‘பொன்டு’வில் வைன் சேர்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உருளைக்கிழங்கோடு தரும் ‘றாக்லெற்’றில் அது இல்லை.

ஒரு படம்

ஐந்தாம் நாள் தங்கச்சியைச் சறுக்குவண்டியில் என் முன்னால் இருத்தினேன். முதல் வளைவில் "அம்மா!" என்று கத்தினாள். இரண்டாம் வளைவில் இரண்டு பேரும் பனிமேட்டுக்குள் போய்ப் புதைந்தோம். எழும்பிப் பார்த்தால், கண்ணீர் வரச் சிரிக்கிறாள். ஒன்பது வருடமாக அந்தச் சிரிப்பைத் தொலைபேசியில்கூட நான் கேட்கவில்லை. மகள் படம் எடுத்தாள்.

அன்றிரவு அவள் சொன்னாள்: "அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பிப் போடாதை அக்கா. அந்த மனுசன் போய், இவள் சிவத்தச் சட்டையோட சிரிக்கிறாள் எண்டு சொல்லுவினம்." நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கணக்கு உண்டு. தம்பியை நினைத்து எத்தனையோ சந்தோஷங்களை நானும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஊருக்குப் போய் நாலு மாதத்துக்குப் பிறகு அவளே கேட்டாள், அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி. அவளோடு தையல் வேலை செய்யும் பெண்கள், பனி எப்படி இருக்கும் என்று கேட்டார்களாம். சட்டம் போட்டுத் தையல் மெசினுக்கு மேலே கொழுவியிருக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "எழுது. காலுறை ஒரு சோடிதான் எண்டதையும் மறக்காமல் எழுது" என்றாள்.